அடுக்களையில் கழற்றிவிடப்படும் ஆர்.சி.சி.பி.

பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி டவுனிலும் அம்பாசமுத்திரம் பக்கத்திலும் பழைய அடுக்களையை உடைத்துப் புதிதாகக் கட்டுகிறவர்கள் கிரானைட் நிறத்துக்காக நாள்கணக்கில் அலைகிறார்கள். கப்போர்டு கைப்பிடிக்கு நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். ஒயரிங் மட்டும் ஒரு சாயங்காலப் பேச்சில் முடிந்துவிடுகிறது. "இங்க ரெண்டு பாயிண்ட், அங்க ரெண்டு பாயிண்ட், ஃப்ரிட்ஜுக்கு ஒண்ணு" என்று சுவரில் விரலால் காட்டுவதோடு சரி. பால் காய்ச்சிக் குடியேறி ஒரு மழைக்காலம் போவதற்குள் அந்த வீட்டிலிருந்து ஒயர்மேனுக்கு போன் போகும்: "இந்த ஈ.எல்.சி.பி. சும்மா சும்மா விழுது அண்ணாச்சி. அத எடுத்துட்டு டைரக்ட்டா குடுத்துருங்க." அவரும் வந்து, உள்ளே வரும் இரண்டு ஒயரையும் வெளியே போகும் இரண்டு ஒயரையும் நேராகச் சேர்த்துவிட்டுப் போவார். ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடுகிறவரின் உயிருக்குக் காவலாக அந்த வீட்டில் இருந்த ஒரே கருவி அத்தோடு போயிற்று.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே ஆறாது. வீட்டுக்காரர்மேல் கோபப்படவும் முடியாது. சமைத்துக்கொண்டிருக்கும்போது வீடு முழுக்க இருண்டால் யாருக்கும் பொறுமை போகத்தான் செய்யும். ஆர்.சி.சி.பி.மேலும் பெரும்பாலும் பழுது கிடையாது. ஈ.எல்.சி.பி. என்று பழைய பெயரிலேயே இன்னும் எல்லாரும் சொல்லும் அந்தக் கருவி, கரண்ட் எங்காவது கசிந்தால் தானே விழுந்து, அதாவது அணைந்து, லைனைத் துண்டிப்பது. அது தன் வேலையைத்தான் செய்கிறது. தப்பு அதற்கு முன்னாலேயே, சர்க்யூட் பிரித்த அன்றே நடந்துவிட்டது. எத்தனை வாட் என்று மட்டும் கணக்குப் போட்டவர்கள், ஒன்று கெட்டால் கூடவே எது எது நிற்கும் என்ற கணக்கைப் போடவில்லை.

வாட் கணக்கு

முதலில் எளிதான கணக்கை முடித்துவிடுவோம். "எல்லாத்தையும் ஒரே நேரத்துலயா போடப் போறோம்?" என்பதுதான் வழக்கமாக வரும் கேள்வி. காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் ஒரே நேரத்தில்தான் போடுகிறோம். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட், கெட்டில் 1500, சட்னி அரைக்கும் மிக்ஸி 750, பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் ஃப்ரிட்ஜ் ஒரு 150. மொத்தம் 4400 வாட். 230 வோல்ட்டில் இது 19 ஆம்பியர். சிங்க்குக்கு 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கெய்ஸர் மாட்டியிருந்தால் இன்னொரு 13 சேர்ந்து 32 ஆம்பியர். இவ்வளவையும் சுமக்க அடுக்களைக்கு வந்திருப்பதோ பெரும்பாலும் ஒற்றை 2.5 சதுர மி.மீ. ஒயர். அதைத்தான் ஒரு பாயிண்டிலிருந்து அடுத்த பாயிண்டுக்கு லூப் அடித்துக் கொண்டுபோயிருப்பார்கள்.

ஒயரில் அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்தான் எம்.சி.பி. அது விழுந்தால் அடுத்த சைஸ் போடும் பழக்கம் ஒன்று உண்டு. 16 விழுகிறதா, 20 போடு. 20 விழுகிறதா, 32 போடு. எம்.சி.பி. அதன்மேல் அச்சடித்த ஆம்பியரைத் தாண்டிய நொடியே விழும் என்ற நினைப்பில்தான் இதைச் செய்கிறார்கள். அது அப்படி வேலை செய்வதில்லை. தன் அளவைப் போல 1.13 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு விழக்கூடாது, 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழவேண்டும் என்பதுதான் அதற்குரிய தரம். 16 ஆம்பியர் எம்.சி.பி. 23 ஆம்பியரைக்கூட நெடுநேரம் விட்டுவைக்கலாம் என்று அர்த்தம். 32 போட்டால் அந்த எல்லை 46. சுவருக்குள் பைப்பில் கிடக்கும் 2.5 ஒயர் அதைத் தாங்காது. பி.வி.சி. இன்சுலேஷன் 70 டிகிரிவரைக்கும்தான். சித்திரை வெயிலில் மேற்குச் சுவர் ஏற்கெனவே நாற்பதைத் தொட்டு நிற்கும் ஊரில், ஒயர் சூடேற மிச்சமிருக்கும் இடம் கொஞ்சம்தான். எனவே 1.5 ஒயருக்கு 10, 2.5-க்கு 16, 4-க்கு 20 அல்லது 25, 6-க்கு 32. இதைத் தாண்டாதீர்கள். எம்.சி.பி. விழுந்தால் சர்க்யூட்டைத்தான் பிரிக்கவேண்டும்.

மோட்டார் உள்ள சர்க்யூட்டுகளுக்கு, அதாவது மிக்ஸி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ் ஆகியவற்றுக்கு, 'சி' வகை எம்.சி.பி. வாங்குங்கள். ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போலப் பல மடங்கை ஒரு கணம் இழுக்கும். 'பி' வகை தன் அளவின் மூன்று முதல் ஐந்து மடங்குக்குள் சட்டென்று விழுந்துவிடும். 'சி' ஐந்து முதல் பத்து மடங்குவரை பொறுக்கும். எம்.சி.பி.யின் முகத்தில் சி16, பி16 என்று எண்ணுக்கு முன்னால் எழுத்து இருக்கும், பார்த்து வாங்கலாம்.

தெருவாசலில் மீட்டர், புறவாசலில் அடுக்களை

நம் பக்கத்துப் பழைய வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. திண்ணை, தார்சா, பட்டாசாலை, அதன்பிறகு அடுக்களை, அப்புறம் புறவாசல். கல்லிடைக்குறிச்சி அக்ரகார வீடானாலும் டவுன் வளவு வீடானாலும் அகலம் கம்மி, நீளம் அதிகம். ஈ.பி. மீட்டரும் மெயினும் தெருவாசலில். அடுக்களை இன்னொரு கோடியில். பைப் ஏறி இறங்கும் கணக்கையும் சேர்த்தால் ஒயர் 25 மீட்டர் சாதாரணமாகப் போகும். போக 25, வர 25 என்று கரண்ட் ஓடும் செம்பு 50 மீட்டர்.

பழைய ஒயரிங்கில் இன்னமும் கிடக்கும் 1 சதுர மி.மீ. செம்பின் தடை கிலோமீட்டருக்கு 18.1 ஓம். 50 மீட்டருக்கு 0.9 ஓம். 3 கிலோவாட் கெய்ஸரின் 13 ஆம்பியரை அதில் இழுத்தால் வழியிலேயே கிட்டத்தட்ட 12 வோல்ட் கரையும், 150 வாட்டுக்கு மேல் சுவருக்குள் சூடாகப் போகும். அதே தூரத்துக்கு 2.5 என்றால் 0.37 ஓம், 5 வோல்ட். கோடையில் ஊரெல்லாம் பம்புசெட் ஓடி வோல்டேஜ் 200-க்கு இறங்கும் கிராமங்களில் இந்த ஏழு வோல்ட் வித்தியாசம் ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸருக்குப் பெரிய விஷயம்.

நீளமான வீட்டுக்கு என் தீர்ப்பு இதுதான்: தெருவாசலிலிருந்து நாலைந்து சர்க்யூட்டைத் தனித்தனியே இழுத்து வராதீர்கள். மெயினிலிருந்து 6 சதுர மி.மீ. ஃபேஸ், 6 நியூட்ரல், 6 எர்த் என்று ஒரே ஓட்டமாக, நடுவில் ஜாயிண்ட் இல்லாமல், 25 மி.மீ. பைப்பில் அடுக்களைக்குக் கொண்டுவாருங்கள். அதன் தலையில் 32 ஆம்பியர் எம்.சி.பி. அடுக்களை வாசலுக்கு வெளியே, பட்டாசாலைச் சுவரில், கண்ணுக்கு நேரான உயரத்தில் ஒரு சின்ன டி.பி. பாக்ஸ், அதாவது சர்க்யூட்டுகளைப் பிரிக்கும் பெட்டி. பன்னிரண்டு வழி இருந்தால் நல்லது. எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாக உள்ள ஆர்.சி.பி.ஓ. ஒவ்வொன்றும் இரண்டு வழி பிடிக்கும். பிரிப்பதெல்லாம் அங்கிருந்துதான். 25 ஆம்பியர் ஓடினாலும் இந்த 6 ஒயரில் வழியில் போவது 4 வோல்ட்டுக்குள். விழுந்த ஸ்விட்சைத் தூக்கிவிட இருட்டில் தெருவாசல்வரை போகவும் வேண்டாம். ஆனால் ஒன்று: ஈ.பி.யில் அனுமதி வாங்கிய லோடு எத்தனை கிலோவாட் என்று முதலில் பாருங்கள். பழைய இணைப்பு 1 அல்லது 2 கிலோவாட்டில் நிற்கும். லோடைக் கூட்ட விண்ணப்பித்துவிட்டு வேலையைத் தொடங்குவதுதான் ஒழுங்கு. இரண்டு ஏ.சி.யும் கெய்ஸரும் உள்ள வீடு என்றால் த்ரீ ஃபேஸைப் பற்றி அப்போதே யோசித்துவிடுவது நல்லது.

சுவரில் மரச்சட்டம் அடித்து அதன்மேல் ஒயர் ஓட்டிய பழைய மரப்பட்டி ஒயரிங்கில் அலுமினிய ஒயர் கிடந்தால், புதுச் செம்பை அதோடு முறுக்கிச் சேர்க்கக்கூடாது. அலுமினியத்தின்மேல் படியும் ஆக்சைடு கரண்டைத் தடுக்கும், ஜாயிண்ட் சூடேறும், தளரும், தளர்ந்தது இன்னும் சூடேறும். அடுக்களைக்குப் புது ஓட்டம்தான் போடவேண்டும்.

அந்தக் கருவி ஏன் விழுகிறது

லோடு கணக்கு சரியாக இருந்தும் வீடு இருளலாம். உண்மையான விஷயம் இங்கேதான் தொடங்குகிறது.

ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று ஆர்.சி.சி.பி. ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். வித்தியாசம் இருந்தால் அது வேறு வழியாக, எர்த் வழியாகவோ ஆள் வழியாகவோ, போகிறது என்று பொருள். 30 மில்லிஆம்பியர் கருவி 30-ல் கட்டாயம் விழவேண்டும், 15 வரைக்கும் விழக்கூடாது. நடைமுறையில் இருபதைத் தாண்டினாலே விழுந்துவிடுவதைப் பார்க்கலாம்.

இப்போது அடுக்களையைப் பாருங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ், ஆர்.ஓ. மெஷின், எல்.இ.டி. விளக்கு எல்லாவற்றிலும் உள்ளே ஒரு ஃபில்ட்டர் இருக்கிறது. பழுதே இல்லாத நிலையிலும் அதன் வழியாகக் கொஞ்சம் கரண்ட் எர்த்துக்குக் கசியும். ஒவ்வொன்றும் அரை மில்லிஆம்பியர், ஒன்று, இரண்டு என்று இருக்கும். வீட்டில் உள்ள டி.வி., வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏ.சி. எல்லாம் சேர்ந்தால் எட்டு, பத்து என்று ஏறிவிடும். முழு வீட்டுக்கும் மெயினில் ஒரே ஒரு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருந்தால், அது பொழுது விடியும்போதே பாதிச் சுமையோடுதான் நிற்கிறது.

அந்த நிலையில் சனிக்கிழமை மத்தியானம் மாவு ஆட்டுகிறார்கள். ஆட்டி முடித்தபின் என்ன நடக்கிறது? குழவியை எடுத்து வைத்துவிட்டு, செம்பில் தண்ணீர் மொண்டு பாத்திரத்தில் ஊற்றிச் சுழற்றிக் கழுவுகிறார்கள். நடு அச்சின் சீல் தேய்ந்திருந்தால் அந்தத் தண்ணீர் கீழே மோட்டாருக்குள் சொட்டும். வெளியே வழிந்ததும் அடியில் உள்ள காற்றோட்டத் துளை வழியாக உள்ளே போகும். மோட்டார் சுருளின் இன்சுலேஷன் நனைந்து, அடுத்த தடவை ஸ்விட்ச் போட்டதும் பத்துப் பதினைந்து மில்லிஆம்பியர் உடம்புக்குக் கசியும். கிரைண்டரை மட்டும் தனியே ஒரு ஆர்.சி.சி.பி.யில் வைத்திருந்தால் இந்த அளவுக்கு அது விழாமல்கூட இருந்திருக்கும். ஏற்கெனவே பத்தைச் சுமந்துகொண்டிருக்கும் மெயின் கருவி விழுகிறது. வீடே நிற்கிறது. சாயங்காலத்துக்குள் மோட்டாரின் சூட்டிலேயே அந்த ஈரம் காய்ந்துவிடும். ஒயர்மேன் வந்து பார்க்கும்போது எல்லாம் நன்றாக ஓடும். "ஒண்ணும் இல்லையே, கருவிதான் சரியில்ல போல" என்ற முடிவுக்கு இருவரும் வருவது இப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஓதம் ஏறும்போதும், தென்காசி, குற்றாலம் பக்கம் ஆனி, ஆடிச் சாரலின்போதும் இது கூடும். புறவாசல் சுவரில் உள்ள பெட்டிக்குள் எறும்பு புற்று வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

கழற்றிவிட்டால் என்ன ஆகும்? எம்.சி.பி. இருக்கிறதே, எர்த் போட்டிருக்கிறதே என்பார்கள். இதை மட்டும் கணக்காகவே போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். வீட்டுக்கு நாம் போடும் எர்த் குழி, நம் ஊர் மண்ணில் கோடையில் 20 ஓம் காட்டினால் ஆச்சரியமில்லை. திசையன்விளை, சாத்தான்குளம் தேரி மணலிலும் கடையம் பக்கத்துப் பாறை நிலத்திலும் அதைவிட மோசமாக இருக்கும். கிரைண்டருக்குள் ஃபேஸ் ஒயர் அறுந்து உடம்பைத் தொடுகிறது என்று வையுங்கள். 230-ஐ 20-ஆல் வகுத்தால் எர்த் வழியாகப் போவது சுமார் 11 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு. 'சி' வகை உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். ஆக எம்.சி.பி. விழாது. எர்த் இருந்தும் கிரைண்டரின் உடம்பு 200 வோல்ட்டுக்கு அருகில் அப்படியே நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறவர் அதைத் தொடுவார். அதே 11 ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கு 30 மில்லிஆம்பியரைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல். நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் துண்டித்துவிடும். எர்த் 200 ஓமாக இருந்தாலும் 1 ஆம்பியருக்கு மேல் ஓடும், அப்போதும் விழும். மண் வறண்ட ஊரில் எர்த்தை வேலை செய்ய வைப்பதே ஆர்.சி.சி.பி.தான். அதைக் கழற்றிவிட்டு எர்த் குழிக்கு உப்பும் கரியும் போட்டு என்ன பயன்?

எது எதோடு சேர்ந்து நிற்கலாம்

எனவே அடுக்களை சர்க்யூட்டை வாட் பார்த்துப் பிரிப்பதோடு, விழும் வாய்ப்பு உள்ளது எது, விழவே கூடாதது எது என்றும் பார்த்துப் பிரிக்கவேண்டும். விழும் வாய்ப்பு உள்ளவை தண்ணீர் படுகிறவையும் சூடாக்கும் காயில் உள்ளவையும்: கிரைண்டர், மிக்ஸி, கெட்டில், கெய்ஸர், டிஷ்வாஷர். விழவே கூடாதது ஃப்ரிட்ஜ். வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு நாள் திருச்செந்தூர் போய்விட்டு வருகிறவர்களுக்கு அது நின்றால் தெரியாது. இருளவே கூடாதது விளக்கு. கையில் கொதிக்கும் பருப்பை வைத்துக்கொண்டு இருட்டில் நிற்கக்கூடாது.

நடுத்தர அடுக்களை ஒன்றுக்கு நான் சொல்லும் பிரிப்பு இது. விளக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன், சிம்னி, அடுப்பின் லைட்டர் பாயிண்ட் எல்லாம் 1.5 ஒயரில் 10 ஆம்பியர். மேடையில் சிங்க் இருக்கும் பக்கம் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் 2.5 ஒயர், சி16. அடுப்புப் பக்கம் இண்டக்‌ஷனுக்கும் கெட்டிலுக்கும் 4 சதுர மி.மீ., 20 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து 15 ஆம்பியர் என்பதால் 2.5-ம் 16-ம் போதுமே என்று தோன்றும், ஆனால் அந்தப் பாயிண்டில்தான் நாளைக்கு ஏர் ஃப்ரையரும் வந்து நிற்கும். மைக்ரோவேவ் அல்லது ஓவனுக்குத் தனி 2.5, 16. கன்வெக்‌ஷன் மாடல் 2000 வாட்டைத் தாண்டும். கெய்ஸருக்கோ டிஷ்வாஷருக்கோ தனி 4, 20. ஃப்ரிட்ஜுக்குத் தனி 2.5, சி10 அல்லது சி16. ஃப்ரிட்ஜின் லோடு அற்பம். அதற்கு ஏன் தனி ஓட்டம் என்று ஒயர்மேன் கேட்பார். லோடுக்காக இல்லை, மற்றவை விழும்போது அது நிற்காமல் இருப்பதற்காக என்று சொல்லுங்கள்.

இதில் கசிவுக் காவலை எப்படிப் போடுவது? வசதி இருந்தால் ஒவ்வொரு பவர் சர்க்யூட்டுக்கும் ஆர்.சி.பி.ஓ. அது எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒரே உடலில் உள்ளது. கிரைண்டர் கசிந்தால் கிரைண்டர் சர்க்யூட் மட்டும் விழும். எம்.சி.பி.யைவிட விலை பல மடங்கு என்பது உண்மைதான். அவ்வளவு முடியாவிட்டால் இரண்டு ஆர்.சி.சி.பி. போடுங்கள், இரண்டும் தாங்கும் அளவு 40 ஆம்பியர், விழும் கசிவு அளவு 30 மில்லிஆம்பியர். முதலாவதன் கீழே ஈரமும் சூடும் உள்ளவை. இரண்டாவதன் கீழே ஃப்ரிட்ஜும் விளக்கும் மைக்ரோவேவும். ஃப்ரிட்ஜை ஆர்.சி.சி.பி. இல்லாமலே விட்டுவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதுவும் இரும்பு உடம்பு கொண்டது, குழந்தைகள் வெறுங்காலோடு திறப்பது. அதற்கும் காவல் வேண்டும்.

இதைச் செய்துவிட்டு, மெயினில் முழு வீட்டுக்குமான பழைய 30 மில்லிஆம்பியர் கருவியை அப்படியே விட்டுவைத்தால் செலவழித்ததெல்லாம் வீண். ஒரே அளவுள்ள இரண்டு கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் எது முதலில் விழும் என்று சொல்லமுடியாது, பல சமயம் இரண்டும் விழும். மெயினில் வைப்பதாக இருந்தால் 100 அல்லது 300 மில்லிஆம்பியரில், சற்றுத் தாமதித்து விழும் 'எஸ்' வகையாக இருக்கவேண்டும். வீட்டின் மற்ற அறைகளுக்கும் தனியாக ஒரு 30 போட்டுக்கொள்ளவேண்டும்.

அடுத்து நியூட்ரல். நம் ஒயரிங்கில் நியூட்ரலைப் பொதுச் சொத்தாக நினைக்கும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. ஒரு பெட்டியில் இரண்டு சர்க்யூட் வந்தால் நியூட்ரல் எல்லாவற்றையும் ஒன்றாக முறுக்கிவிடுவார்கள். பழைய ஃபியூஸ் கட்டை காலத்தில் அதனால் வெளியே தெரிகிற கெடுதல் வரவில்லை. இப்போது ஒரு ஆர்.சி.பி.ஓ. வழியாகப் போன கரண்ட் இன்னொன்றின் நியூட்ரலில் திரும்பினால் இரண்டுமே கசிவு என்று எடுத்துக்கொண்டு விழும். மெஷினில் ஒரு பழுதும் இருக்காது. டி.பி.க்குள் ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.க்கும் தனி நியூட்ரல் கட்டை, ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலுக்கும் அதே எண் போட்ட ஸ்லீவ். இன்வெர்ட்டர் லைன் இருக்கும் வீட்டில் இது இரட்டிப்பு முக்கியம். இன்வெர்ட்டரில் இருந்து வரும் விளக்கின் நியூட்ரல் ஏதாவது பவர் சர்க்யூட்டோடு கலந்திருந்தால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் ஆர்.சி.சி.பி. விழும். பழி கருவிமேல் போகும்.

ஆற்றங்கரைப் பக்கத்து வீடுகளுக்கு இன்னொரு பிரிப்பும் சொல்வேன். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஏறி சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அப்படிப்பட்ட இடங்களில் மேடைக்குக் கீழே இருக்கும் பாயிண்டுகளை, அதாவது டிஷ்வாஷர், கீழ் ஓவன், ஆர்.ஓ. பம்ப் இவற்றை, மேடைக்கு மேலே உள்ளவற்றோடு ஒரே சர்க்யூட்டில் வைக்காதீர்கள். தண்ணீர் வடிந்தபின் கீழ் சர்க்யூட்டை அணைத்துவைத்துக் காயவிட்டு, சோதித்த மேல் சர்க்யூட்டில் சமைக்கத் தொடங்கலாம். பைப்புகளும் மேலிருந்து இறங்கவேண்டும். தரைக்குள் போன பைப்பில் புகுந்த தண்ணீர் மாதக்கணக்கில் அங்கேயே நிற்கும்.

சுவரில் குறிக்கும் நாள்

கொத்தனார் காடி எடுக்கும் முன், ஆசாரி கப்போர்டு அளவு எடுத்த பின்: இந்த இடைவெளிதான் ஒயரிங்கைக் குறிக்கவேண்டிய நேரம். கப்போர்டு படத்தைச் சுவரில் சாக்பீஸால் நிஜ அளவில் வரைந்துவிட்டுப் பாயிண்டைக் குறியுங்கள். மேடை பொதுவாக 85 சென்டிமீட்டர் வரும். மேடைப் பாயிண்டுகள் முடிந்த தரையிலிருந்து 110 முதல் 115-ல் இருந்தால், மிக்ஸி ஜாருக்குப் பின்னால் கை போகும், வழியும் தண்ணீர் எட்டாது. சிங்க் விளிம்பிலிருந்தும் அடுப்பின் பர்னரிலிருந்தும் பக்கவாட்டில் 60 சென்டிமீட்டராவது தள்ளவேண்டும். அடுப்புக்கு நேர் மேலே பாயிண்ட் வைத்தால் தாளிப்பு எண்ணெய் ஆவி அதன் துளைக்குள் படிந்து, தூசியைப் பிடித்து, நாளடைவில் கசிவுக்கு வழி போடும். சிம்னி பாயிண்ட் 210-ல், சிம்னியின் புகைக்குழாய் போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்.

ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் பாயிண்டை ஒளித்துவைக்கும் ஆசையை விடுங்கள். அதன் பக்கவாட்டில், ஃப்ரிட்ஜை நகர்த்தாமல் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். டிஷ்வாஷருக்கும் கீழ் ஓவனுக்கும் பிளக் பாயிண்ட் பக்கத்துக் கப்போர்டுக்குள், அதற்கான ஸ்விட்ச் மேடைக்கு மேல். கெய்ஸருக்கு இரண்டு ஒயரையும் துண்டிக்கும் டபுள் போல் ஸ்விட்ச். காடி நேர் செங்குத்தாகவோ நேர் கிடையாகவோ மட்டும் போகவேண்டும். ஒயரை மிச்சம் பிடிக்கக் குறுக்காக வெட்டினால், பிறகு ஸ்பூன் ஸ்டாண்டுக்கு ஆணி அடிக்கிறவருக்கு ஒயர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

16 ஆம்பியர் பாயிண்டின் பின்புறம் ஒரு நிமிடம் பார்க்கத் தகுந்தது. லூப் அடிக்கும்போது உள்ளே வரும் ஒயரும் வெளியே போகும் ஒயருமாக இரண்டு 2.5-ஐ ஒரே துளையில் திணித்து ஒரே ஸ்க்ரூவில் இறுக்குவார்கள். நுழையவில்லை என்றால் நாலைந்து இழையை வெட்டிவிடுவதும் உண்டு. பார்வைக்கு இறுக்கமாக இருக்கும் ஜாயிண்டில் 0.1 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். 13 ஆம்பியர் ஓடும்போது 17 வாட் சூடு அந்த மிளகளவு இடத்திலேயே பிறக்கும். எம்.சி.பி.க்கும் ஆர்.சி.சி.பி.க்கும் இது கண்ணுக்கே தெரியாது. கரண்டும் கூடவில்லை, கசிவும் இல்லை. பிளாஸ்டிக் பழுப்பேறி, உருகி, நாற்றம் வந்த பிறகுதான் மனிதருக்குத் தெரியும். இதற்காகத்தான் 2 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும் லூப் இல்லாத தனி ஓட்டம் கேட்கிறேன். லூப் தவிர்க்கமுடியாத இடத்தில், பெட்டிக்குள் தனி கனெக்டரில் மூன்று ஒயரைச் சேர்த்து, பாயிண்டுக்கு ஒரே ஒரு வால் மட்டும் போகட்டும். ஆழம் குறைந்த மெட்டல் பாக்ஸ் இதற்கு இடம் கொடுக்காது. 50 மி.மீ. ஆழமுள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். எர்த் ஒயரும் ஃபேஸ் ஒயரின் அளவே இருக்கட்டும். பச்சை 1 சதுர மி.மீ. போட்டு மிச்சம் பிடிக்கும் வழக்கத்துக்கு இடம் கொடுக்கக்கூடாது.

காசு கொடுத்து முடிக்கும் முன்

கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தச் சோதனைகளைக் கேளுங்கள். எல்லா மெஷினையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சர்க்யூட்டையும் இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பார்க்கவேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே என்றால் வேலை முடியவில்லை. புது ஒயரில் அதற்கு எத்தனையோ மடங்கு மேலே காட்டவேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பார்ப்பதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பெட்டிக்குள் அவை இரண்டும் தொட்டுக்கொண்டிருப்பதுதான் காரணமே தெரியாமல் ஆர்.சி.சி.பி. விழுவதற்கு முக்கியக் காரணம். இரண்டாவது, ஒவ்வொரு எம்.சி.பி.யாக அணைத்து, அந்தச் சர்க்யூட் மட்டும்தான் நிற்கிறதா என்று பார்த்து, மூடியின் உள்பக்கம் பெயர் எழுதவேண்டும். மூன்றாவது, இண்டக்‌ஷனையும் கெட்டிலையும் அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டு, அணைத்தபின் பாயிண்டின் முகத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூட்டுக்கு மேல் இருந்தால் திறந்து ஸ்க்ரூவை இறுக்கச் சொல்லுங்கள். நாலாவது, ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.யிலும் 'டி' பட்டனை அழுத்துங்கள். விழவேண்டும். மாதம் ஒருமுறை அதை அழுத்த வீட்டில் யாராவது ஒருவர் பொறுப்பேற்கவேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கருவி விழுந்தால், இப்போது தேடுவது எளிது. விழுந்த சர்க்யூட்டில் உள்ள பிளக் எல்லாவற்றையும் உருவுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் நியூட்ரல் சேர்ந்தே இருக்கும், போதாது. கருவியைத் தூக்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் ஆள். ஒன்றுமே செருகாமல் விழுந்தால் பழுது சுவருக்குள், அதற்கு மெகர் வேண்டும். கிரைண்டர் என்று தெரிந்தால் மோட்டாரைக் காயவைத்து, அச்சின் சீலை மாற்றச் சொல்லுங்கள். சீல் சின்ன ரப்பர் வளையம், கிரைண்டர் சர்வீஸ் செய்யும் கடைகளில் கிடைக்கும். அதுவரை ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும், விளக்கு எரியும், ஒயர்மேனிடம் எதையும் டைரக்ட்டாகக் கொடுக்கச் சொல்லவேண்டிய அவசரமும் யாருக்கும் இருக்காது.